சிட்டு வாசிக்கிறாள்

அக்கா மகள் சிட்டுவுக்கு வாசிக்கத் தெரியாது. இதைச் சொன்னால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். புத்தகத்தைக் கையில் எடுத்தாளானால் மடை திறந்த மாதிரி வரும். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா அவளைக் கூப்பிட்டுப் புத்தகத்தை நீட்டிவிடுவாள்.

நான் அவள் படிக்கிற பள்ளியில்தான் வேலை பார்க்கிறேன். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு ஒரு தனி வகுப்பு. அங்கே படம் கிடையாது. முதலில் ஒலி, பிறகு அதற்கான எழுத்து, பிறகு எழுத்துக் கூட்டுவது, அப்புறம்தான் சொல். ஒரு படி சரியாக ஏறாமல் அடுத்ததற்கு விடமாட்டேன். பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். அர்த்தமே இல்லாத சொற்களை அட்டையில் எழுதி வாசிக்கச் சொல்வேன். மீபு, கசோல் என்று எதையாவது. உலகத்தில் இல்லாததை யாரும் மனப்பாடம் செய்துவிட்டு வர முடியாதல்லவா. பிள்ளைகள் அவற்றுக்குப் பொய்ச்சொல் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு விடுமுறை நாளில் சிட்டு எனக்கு வாத்துக் கதையை வாசித்துக் காட்டினாள். ஏதோ தோன்றி, படத்தின் மேல் கையை வைத்து மறைத்தேன். வாசிப்பு சட்டென்று நின்றது.

"கைய எடுங்க சித்தி, தெரியல."

"எழுத்து தெரியுதேடா."

அவள் எழுத்தைப் பார்க்கவேயில்லை, என் கையைத்தான் பார்த்தாள். பையிலிருந்து அட்டைகளை எடுத்தேன். மீபு என்றிருந்ததை மீன் என்றாள். கசோல் என்றிருந்ததைக் கதவு என்றாள். முதல் எழுத்துக்கு ஒரு ஊகம், மீதிக்கு ஒரு சிரிப்பு.

சமையலறையில் அக்காவிடம் சொன்னேன். "அவளுக்கு வாசிக்க வரலக்கா. எல்லாம் மனப்பாடம். இப்பவே என் வகுப்புல விடு, கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

"இல்லாத வார்த்தையக் குடுத்துப் படின்னா யாருக்குத்தான் வரும்? நல்லாப் படிக்கிற பிள்ளைய மக்குப் பிள்ளைங்களோட உக்கார வைக்கணுமா?"

"அவங்க மக்கு இல்லக்கா."

"உனக்குன்னு ஒண்ணு இருந்தா இப்படிப் பேசமாட்ட."

எங்கே அடித்தால் வலிக்கும் என்று கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆண்டு விழா வந்தது. பள்ளியின் வாசிப்புத் திட்டத்தை மேடையில் காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். அதற்கு அவர் பிடித்து வைத்திருந்த ஆள் சிட்டு.

"சார், அவ என் வகுப்புலயே இல்ல. மனப்பாடமா ஒப்பிக்கிறா. என்கிட்ட ஒரு பொண்ணு இருக்கா, நிறுத்தி நிறுத்தி வாசிப்பா, ஆனா நெசமாவே வாசிப்பா."

"நிறுத்தி நிறுத்தி வாசிச்சா வந்தவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க டீச்சர். கேக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சிட்டு மேடையில் வெளுத்து வாங்கினாள். அத்தான் நாற்காலியின் மேல் ஏறி நின்று படம் பிடித்தார். நான் சொன்ன என் வகுப்புப் பெண் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள். அந்தக் குழந்தை ஒவ்வொரு எழுத்துக்கும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிறகு தலைமையாசிரியர் என்னை மேடைக்கு அழைத்து, இதெல்லாம் டீச்சரின் உழைப்பு என்று பூங்கொத்தைத் திணித்தார். அதை அவர் மூஞ்சியிலேயே வீச வேண்டும் போலிருந்தது. வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

கோடை விடுமுறை முடியும் சமயம் அக்கா வீட்டுக்குப் போனேன். மேடையில் கொடுத்த கோப்பை தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பளபளத்தது. சிட்டுவை என் வகுப்பில் விடச் சொல்லி இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"மேடையில நின்னு பூ வாங்கினப்ப இது உனக்குத் தெரியலையா?" என்றாள் அக்கா.

அவள் உள்ளே போனதும் சிட்டு அடுத்த வகுப்புப் புத்தகத்தோடு வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். பையிலிருந்து அட்டைகளை எடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது வேணாம் சித்தி. பொய்ச்சொல் படிச்சா மக்காயிடுவேன்னு அம்மா சொன்னாங்க. இத ஒரே ஒரு தடவ வாசிங்க, நான் புடிச்சுக்குவேன்."

வாசித்தேன். வேறென்ன செய்ய? இரண்டு பக்கம் கேட்டாள். பிறகு புத்தகத்தை வாங்கித் தாள் தாளாகப் புரட்டினாள். எங்கும் எழுத்துதான். கடைசிவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். உள்ளே அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"படமே இல்லையே சித்தி. எந்தப் பக்கத்துல இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"