இரண்டு பேர் உட்காரும் வண்டி

“உனக்கு மூஞ்சில காத்து அடிச்சா புடிக்குமா?”

கல்யாணமான புதிதில் ரகுபதி கனகத்திடம் கேட்ட முதல் கேள்வி அது. பூந்தமல்லி போகும் பேருந்தில் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கேட்டார். முன் இருக்கையில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். கனகம் காது வரை சிவந்துபோய், ஜன்னல் தகரத்தை இழுத்து இறக்கிவிட்டாள். அப்புறம் அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மகள் வினோதினிக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயது வந்துவிட்டது.

இன்றைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வந்ததற்கு அந்தக் கார்தான் காரணம்.

தண்டலத்தில் நெடுஞ்சாலை ஓரமாக ரகுபதி ஒரு லாரி மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். எப்போதோ ஒரு நாள் பெங்களூர்க்காரர் ஒருவரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஷெட் வாசலில் நின்றுபோனது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மேலே மடக்கிவிடக்கூடிய துணிக் கூரை. அதைச் சரிசெய்து அனுப்பியதிலிருந்து இவருக்கு அதன்மேல் பைத்தியம். விற்கிறதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு கார்டு போட்டுக்கொண்டே இருந்தார். இந்த வருஷம் அந்தப் பெங்களூர்க்காரர் விற்கிறேன் என்றுவிட்டார்.

“ரெண்டு சீட்டு வண்டி. வூட்ல மூணு பேரு. யாரைக் கழிச்சுட்டுப் போவீங்க?” என்று கனகம் கேட்டாள்.

“நீயும் நானும் போலாம்.”

“பொண்ணு தோளுக்கு மேல வளந்து நிக்குது. தொறந்த வண்டில என்னைக் குந்த வச்சு ஊர்கோலம் வுடப்போறீங்களா? அத்த இந்த வாசல்ல கொண்டாந்து நிறுத்துனா நான் வெளிய தலை காட்ட மாட்டேன். சொல்லிட்டேன்.”

ஆடி முடியட்டும் என்று காத்திருந்தார். ஆவணி பிறந்ததும் கனகத்தின் தம்பி வசந்தகுமாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறிவிட்டார். இன்று காலை ரைஸ் மில்லில் கணக்கு எழுதும் கோபால் சைக்கிளில் வந்து வாசலில் காலூன்றி நின்றான்.

“அண்ணி, அண்ணன் பெங்களூர்லேந்து மில்லுக்குப் போன் பண்ணாரு. வண்டி கெளம்பிடுச்சாம். நீங்க ஆரத்தி எடுத்தாதான் எறங்குவாராம். இல்லாங்காட்டி வண்டியிலயே உக்காந்துக்கினு இருப்பாராம். எத்தினி நாள் ஆனாலும்.”

“இருக்கட்டும். சோறு அங்கயே குடுத்தனுப்பறேன்னு சொல்லு.”

“அதையும் கேட்டாரு அண்ணி. மீன்கொழம்பா இருந்தா சரின்னாரு.”

கனகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். சந்தைக்கு ஆள் அனுப்பிக் கெளுத்தி மீன் வாங்கினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்து அடுப்பங்கரை மேடையில் வைத்தாள். கரைக்கவில்லை. கையெட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்றுதான் வைத்தாள்.

சாயங்காலம், வெயில் சாய்ந்து தெரு பாதி நிழலாகியிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. லாரிச் சத்தமும் இல்லை, டிராக்டர் சத்தமும் இல்லை. தொண்டை கட்டிய யாரோ செருமிக்கொண்டே வருவது போலிருந்தது. வாசலில் வந்து நின்று அடங்கியது. வினோதினி பூ வாங்கப் போயிருந்தாள். கனகம் அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை. குழம்பைக் கிளறினாள். கிளற வேண்டிய அவசியமே இல்லை.

ஹாரன் ஒரு தரம் அடித்தது. வாத்து கத்தியது போல.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியில் வரும்போது ரகுபதி எப்போதும் இரண்டு தரம் அடிப்பார். கேட்டைத் திற என்று அர்த்தம். கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு இரண்டாவதுக்காகக் காத்து நின்றாள். வரவில்லை. ‘வீம்பு’ என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் வீம்பு உண்டு. அடுப்பைத் துடைத்தாள். புடவையை மாற்றினாள். கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள்.

வாசலில் கூட்டம் கூடும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு சின்னப்பொண்ணுவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

“இன்னாய்யா ரகுபதி, இது காரா, குளிக்கிற தொட்டியா? இதுல ஏறணும்னா தவந்துதான் ஏறணும் போலகீது! கூலிங்கிளாசு வேற! பாத்துக்கினே இரு, உம் பொண்டாட்டி வௌக்குமாத்தோட வரப்போறா!”

எல்லோரும் சிரித்தார்கள். பூவோடு வினோதினி உள்ளே ஓடி வந்தாள்.

“ம்மா, வாம்மா. அப்பா எறங்கவே மாட்டேங்கறாரு. நான் கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. கம்முனு உக்காந்துக்கினுகீறாரு.”

“நடிப்பு. இன்னும் கொஞ்ச நேரம் உக்காரட்டும்.”

“ஊரே சிரிக்குதும்மா.”

“அதுக்குத்தானே வாங்கினாரு.”

சொல்லிக்கொண்டே தட்டில் தண்ணீர் விட்டு மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தாள். தண்ணீர் சிவந்தது. வெற்றிலை மேல் கற்பூரம் வைத்து ஏற்றினாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வழிவிட்ட பெண்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

அவள் நினைத்துக்கொண்டிருந்ததைவிட அந்தக் கார் அழகாக இருந்தது என்பதை அவள் அந்த ஒரு நொடியில் பார்த்தாள். அவர் ஓட்டுகிற இருக்கையில் இல்லை. பக்கத்து இருக்கையில் தலையைச் சாய்த்து, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடி காற்றில் கலைந்து தூசி படிந்திருந்தது. தெருமுனைக் கடையிலிருந்து வசந்தகுமார் எலுமிச்சம்பழப் பொட்டலத்தோடு ஓடிவந்துகொண்டிருந்தான்.

“இரு அக்கா, இரு அக்கா! சக்கரத்துக்கு அடியில பழம் வெச்சுட்டு எடு!”

அவள் காத்திருக்கவில்லை. மூன்று சுற்று சுற்றினாள். கண்ணாடியில் கற்பூரச் சுடர் சின்னதாகத் தெரிந்தது. “ஜெயிச்சுட்டீங்க. எறங்குங்க” என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். விரலை ஆரத்தியில் தொட்டு அவர் நெற்றியில் வைத்தாள்.

நெற்றி ஈரமாக இருந்தது. ஈரமும் சில்லிப்பும். வெயிலில் அத்தனை தூரம் வந்தவரின் நெற்றி இல்லை அது.

விரலை எடுக்கத் தோன்றவில்லை. அவள் விரல் அழுத்தத்துக்கே அவர் தலை மெதுவாக அந்தப் பக்கம் சாய்ந்தது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. கண் பாதி திறந்திருந்தது.

“இன்னாடி?” என்றாள் சின்னப்பொண்ணு, இன்னும் சிரிப்பு போகாமல்.

தட்டு எப்போது கீழே விழுந்தது என்று கனகத்துக்குத் தெரியாது. புடவைக் கரையெல்லாம் சிவப்பு.

அந்த வண்டியின் கதவு அவ்வளவு தாழ்வாக இருந்ததால் குனிந்து அவரை வெளியே எடுக்க முடியவில்லை. ஆண்கள் நாலு பக்கமும் நின்று, திறந்திருந்த மேல்பக்கமாகவே தூக்கினார்கள். கூடத்தில் படுக்க வைத்தபோது அவர் நெற்றியில் அவள் வைத்த பொட்டு கலையாமல் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார். ஹார்ட் என்றார். போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் என்றார்.

“கொஞ்சம்னா?” என்று கனகம் கேட்டாள். தட்டு விழுந்த பிறகு அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

“அதெல்லாம் சரியாச் சொல்ல முடியாதும்மா.”

வந்தவர்களுக்கெல்லாம் வசந்தகுமார் ஒரே கதையைச் சொன்னான். கிருஷ்ணகிரி தாண்டினதிலிருந்து மாமா பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினார். மே மாசம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்கப்புறம் ரோட்டில் எங்கே பார்த்தாலும் போலீஸ் செக்கிங். நிறுத்தின போலீஸ்காரர்களெல்லாம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஆம்பூரில் பிரியாணி. சுங்குவார்சத்திரத்தில் டீ. “டீ குடிக்கறப்போதான் தோள்பட்ட இழுக்குதுடா, நீ ஓட்டுன்னாரு. ஒக்கார்ற இடத்துல மடங்கி உக்காந்துக்கினு வந்தா இழுக்காதான்னு நானும் சிரிச்சேன்” என்பான். கதை அந்த டீக்கடையோடு நின்றுவிடும். அதற்குமேல் யாராவது கேட்டால் வாயைத் துண்டால் பொத்திக்கொள்வான்.

மறுநாள் எடுத்தார்கள். அதற்கடுத்த நாள் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். கனகம் அழவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். யாரோ அவள் கன்னத்தில் தட்டிக்கூடப் பார்த்தார்கள். அவள் எதையோ காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். தெருவில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.

கார் வாசலிலேயே நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. இருக்கையில் வேப்பிலைச் சருகு விழுந்திருந்தது. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் ஆரத்தித் தண்ணீர் காய்ந்து கறுத்துப் போயிருந்தது.

உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். மத்தியானம் வசந்தகுமாரும் பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். இரண்டு நாளாக முகம் மழிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து, அக்காவிடம் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

“வசந்தா.”

“சொல்லுக்கா.”

“வண்டி வந்து நின்னப்போ ஒரு ஹாரன் சத்தம் கேட்டுச்சு.”

அவன் சாவியைப் பார்த்தான்.

“நீ ஹாரன் அடிச்சிட்டுத்தானே கடைக்குப் போன?”

அடுப்பங்கரையில் வினோதினி எதையோ கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“ஆமான்னு சொல்லுடா” என்றாள் கனகம். குரல் உயரவில்லை. கடையில் ஒரு சாமான் கேட்பது போலத்தான் கேட்டாள். “நீதானே அடிச்ச?”

வசந்தகுமார் வாயைத் திறந்தான். பிறகு சாவியை ஜன்னல் கட்டையில் சத்தம் வராமல் வைத்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, காரை ஒட்டாமல் தெருவின் அந்தப் பக்கமாக ஒதுங்கி நடந்தான். தெருமுனைக் கடை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அப்படியே ஹைவேஸ் பக்கம் திரும்பிப் போய்விட்டான்.