தேவராசாவின் கல்வெட்டு

குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்பதற்கு ஏதாவது கடதாசி இருந்தால் கொண்டுவரச் சொன்னார் டொக்டர். மற்றவர்களாக இருந்தால் பழைய மருந்துத் துண்டுகளைத் தேடியிருப்பார்கள், மரண அத்தாட்சிப் பத்திரத்தைத் தேடியிருப்பார்கள். யோகேந்திரன் தகப்பனின் கல்வெட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தான்.

பக்கத்தில் இருந்த அவனுடைய அக்கா இரஞ்சிதத்துக்கு எழும்பி வெளியே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் எழும்பவில்லை. காலையில் அம்பிட்டியவிலிருந்து பஸ்ஸில் தொங்கி, இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டை நீட்டி, கைப்பையைக் குடைய விட்டு, ஒன்றரை மணி நேரம் மர வாங்கில் குந்திக் காத்திருந்த உடம்பு. எழும்பவும் ஒரு தெம்பு வேண்டுமே. தலதா மாளிகைக்குப் பக்கத்தில் குண்டு வெடித்த அந்த வருடம் முழுக்கக் கண்டித் தமிழருக்கு வீட்டை விட்டு இறங்குவதே பாதிநாள் வேலையாக இருந்தது.

யாழ்ப்பாணத்தவர்கள் ஆள் செத்த முப்பத்தோராம் நாள் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். செத்தவரின் படம், நாலு தேவாரம், பிறந்தது வளர்ந்தது, எப்படிச் செத்தார் என்று ஒரு பாட்டு, அதற்குப் பிறகு பிள்ளைகளின் புலம்பல். அதற்குப் பெயர்தான் கல்வெட்டு. பெயருக்கேற்ற மாதிரி, அதில் ஒருமுறை ஏறியதைப் பிறகு யாரும் அழிப்பதில்லை. தபாற்கந்தோர் கிளாக்கர் தேவராசா, எழுபத்தேழு ஆவணியில் கயவர் உதைத்த உதையில் இடுப்பு நொந்து, இரத்தம் போய், எட்டு மாதம் பாயில் கிடந்து சிவனடி சேர்ந்தார் என்று அதில் விருத்தப்பாவில் போட்டிருந்தது.

டொக்டர் லாபிர் கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாக்காரர். நாற்பது வயதிருக்கும். கல்வெட்டை ஒரு பக்கமும் விடாமல் படித்தார். படித்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

“உங்கட இடது சிறுநீரகத்தில இருக்கிறது புற்றுநோய்க் கட்டிதான், அதில சந்தேகம் இல்ல. வலது பக்கம் ஒரு சின்ன நிழல் தெரியுது. அது சும்மா நீர்க்கட்டியாவும் இருக்கலாம், இதே சாமானாவும் இருக்கலாம். குடும்பத்தில யாருக்கும் இருந்திச்சா எண்டு தெரிஞ்சாத்தான் நான் ஒரு முடிவுக்கு வரலாம்” என்றார் யோகேந்திரனிடம்.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரகத்தில் கட்டி வளராமல் காவல் காக்க ஒரு பரம்பரையலகு இருக்கிறது. எல்லோருக்கும் அது இரண்டு பிரதி. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்ட மாதிரி. பெரும்பாலும் நோய் தானாகத்தான் வருகிறது. ஒரே இடத்தில் இரண்டு பூட்டும் கெட்டுப்போக வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும், அதனால் வயதானவர்களுக்கு, ஒரு பக்கத்தில் மட்டும் வரும். ஆனால் சில குடும்பங்களில் பிள்ளை பிறக்கும்போதே ஒரு பூட்டு உடைந்துதான் பிறக்கிறது. மற்றது எங்கே எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இளவயதில், இரண்டு பக்கமும், திரும்பத் திரும்ப வரும். சிறுநீரகத்தோடும் நிற்காது, கண்ணுக்குள் வரும், மூளைக்குள் வரும். பெற்ற பிள்ளைக்குப் போக இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு.

தானாக வந்தது என்றால் இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். குடும்பத்தோடு வந்தது என்றால் வெட்டுகிற முறையே வேறு, ஏனென்றால் மிஞ்சுகிற சதை ஒவ்வொன்றும் நாளைக்குத் தேவைப்படும். பிள்ளையையும் பார்க்க வேண்டும், கூடப்பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும். இரத்தத்தில் சோதித்துச் சொல்ல இங்கே வசதி வரவில்லை. குடும்பக் கதைதான் சோதனை என்றார்.

“எங்கட குடும்பத்தில இது இல்லை டொக்டர். அப்பாவைக் கொன்றது அவங்கள்தான்” என்றான் யோகேந்திரன். “ஓம்தானே அக்கா?”

இரஞ்சிதம் “ஓம்” என்றாள். இருபத்தொரு வருடப் பழக்கம். நாக்கு அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

யோகேந்திரனுக்கு வயது முப்பத்தாறு. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறான். எட்டு வருடமாகக் கண்டியில் இருந்தும் ஒரு சொல் சிங்களம் பேச மாட்டான். தெரியாமல் இல்லை. தகப்பன் வேலை பார்த்த கெலிஓயாவில் வளர்ந்த பிள்ளைக்குச் சிங்களம் தெரியாமல் போகுமா? எழுபத்தேழுக் கலவரத்தில் சிங்களக் கும்பல் ஒன்று கம்பளை வீதியில் பஸ்ஸை மறித்துத் தேவராசாவை இறக்கி உதைத்தபோது, பதினைந்து வயது யோகேந்திரன் தன்னிடம் இருந்த சிங்களம் முழுவதையும் கொட்டி அவர்களிடம் கெஞ்சினான். அவர்கள் கேட்டுக்கொண்டே உதைத்தார்கள். அதோடு அவன் அந்தப் பாஷைக்கு வாயைப் பூட்டினான். சோதனைச் சாவடியில் பேசாமல் நின்றதற்காக ஒருமுறை அரை நாள் பொலிஸில் உட்கார்த்தி வைத்தார்கள். அப்போதும் பேசவில்லை. கந்தோர் கடைத்தெரு எல்லாவற்றுக்கும் இரஞ்சிதம்தான் அவனுக்கு வாய்.

தகப்பனின் திவசத்துக்கு வருடா வருடம் கல்வெட்டை எடுத்து, மகள் சீதாவுக்கு அந்தப் பாட்டை வாசித்துக் காட்டுவான். பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில் அது மனப்பாடம்.

பொய் எங்கே தொடங்கியது என்று இரஞ்சிதத்துக்கு மட்டும்தான் தெரியும். உதை விழுந்தது ஆவணியில். அப்பா உடுத்திருந்த சாரத்தில் மூத்திரத்தோடு இரத்தம் பட்டது ஆடியில். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குழாயடியில் துணி தோய்க்கப் போனவள் அப்பாவின் சாரத்தை விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே குந்திவிட்டாள். அம்மா வந்து சாரத்தைப் பறித்து வாளிக்குள் அமுக்கினாள். ஒருத்தரிடமும் மூச்சு விடக்கூடாது, உனக்கும் தங்கச்சி லீலாவுக்கும் கலியாணம் பேச வேண்டும், நோய்க்காரக் குடும்பம் என்று பெயர் எடுத்தால் படலையைத் திறந்து ஒருவனும் வரமாட்டான் என்றாள். அப்பாவின் இடது கண் முன்னமே மங்கிப் போயிருந்தது. அதையும் வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொன்னதில்லை. கடித உறைகளில் விலாசம் படிக்கும்போது அவர் அந்தக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். பார்ப்பவர்கள் அது அவருடைய பழக்கம் என்று நினைத்தார்கள்.

அடுத்த மாதம் கலவரம் வந்தது. அந்த உதையால் அம்மாவுக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது என்று சொன்னால் பாவம். ஆனால் கிடைத்தது. இனி இரத்தம் போவதற்குக் காரணம் கேட்டால் தலையை நிமிர்த்திச் சொல்லலாம். அடிபட்டுச் சாவதில் குடும்பத்துக்கு இழுக்கு இல்லை. அகதியாய் யாழ்ப்பாணத்து ஊர் போய்ச் சேர்ந்து, அப்பா அங்கே செத்ததும், அம்மா சொல்லச் சொல்லப் புலவர் எழுதினார், அச்சுக்கூடத்தில் அடித்தார்கள். லீலாதேவிக்கு அந்தக் கல்வெட்டோடு நல்ல இடத்தில் கலியாணம் நடந்தது. இரஞ்சிதத்துக்கு நடக்கவில்லை. நோயை மறைத்த அம்மாவால் மகளின் சாதகத்தில் இருந்த செவ்வாயை மறைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு நாளும் அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். நிழல் நீர்க்கட்டியாகத்தான் இருக்கும். டொக்டரும் அப்படி இருக்கலாம் என்றுதானே சொன்னார். ஒரு மனிதனிடமிருந்து சிறுநீரகத்தை எடுக்கப் போகிற கிழமையில் அவனுடைய அப்பாவையும் சேர்த்து எடுக்க வேண்டுமா? எல்லாவற்றையும் சுமந்து அலுத்துவிட்டது. இதையும் சுமந்தால் என்ன?

சனிக்கிழமை பகல், சாப்பிட்டு முடிந்து, சீதா யன்னலடியில் கதிரையில் இருந்து பேப்பர் படித்தாள். இடது கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

இரஞ்சிதம் ஏன் என்று கேட்டாள். அந்தக் கண்ணில் புகை மாதிரித் தெரிகிறது மாமி, மூடினால் சுகம் என்றாள் பிள்ளை, பேப்பரிலிருந்து தலை எடுக்காமலே. படிப்புக் கூடிவிட்டது என்று குசினியிலிருந்து தாய் கமலாசனி குரல் கொடுத்தாள்.

இரஞ்சிதம் எழும்பி முன் அறைக்குப் போனாள். யோகேந்திரன் சோதனைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். வெட்டுக்குப் போக முதல் வகுப்பு வேலையை முடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். அவள் கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

“தம்பி, அப்பாக்கு இரத்தம் போனது அந்த உதையால இல்லை.”

அவன் சிவப்புப் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தான்.

“அதுக்கு ஒரு மாசம் முந்தியே போனது. சாரத்தைத் தோய்ச்சது நான்.”

எல்லாவற்றையும் சொன்னாள். குழாயடி, வாளி, கண், அம்மா, புலவர். அழ வேண்டும் என்று நினைத்தாள், வரவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“அப்ப, அவங்கள் கொல்லேல்லை?”

“உதைச்சவங்கள். அதில பொய் இல்லை. நீ கும்பிட்டுக் கெஞ்சினதும் பொய் இல்லை. ஆனா அவர் செத்தது இதாலதான்.”

“இவ்வளவு காலமும் சொல்லேல்லை நீங்கள்.”

“இப்பவும் சொல்லியிருக்க மாட்டன். சீதா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பேப்பர் படிக்கிறாள்.”

அவன் முகத்தில் கோபம் வந்து நின்ற இடத்திலேயே அது செத்தது. எழும்பிப் போய் மகளைக் கூப்பிட்டுச் சுவரில் தொங்கிய நகைக்கடைக் கலண்டருக்கு முன் நிறுத்தினான். ஒரு கண்ணைத் தன் கையால் பொத்தி வாசிக்கச் சொன்னான். திகதி, கிழமை, கடையின் பெயர், அடியில் இருந்த பொடி எழுத்து எல்லாம் வாசித்தாள். மற்றக் கண்ணைப் பொத்தினான். பிள்ளை கலண்டரை நோக்கிக் கழுத்தை நீட்டினாள். அங்கே ஏதோ மஞ்சளாகத் தெரிகிறது என்றாள். கடையின் பெயர் அதில் நாலு விரல் உயரத்துக்கு இருந்தது.

திங்கட்கிழமை யோகேந்திரனும் இரஞ்சிதமும் சீதாவும் டொக்டர் லாபிரிடம் போனார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குடும்பக் கதையை முதல் முறையே சரியாகச் சொல்கிறவர்கள் குறைவு என்றார். மறுநாள் செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருந்த வெட்டைப் பின்போட்டார். வலது பக்க நிழலை இனி நிழல் என்று விட முடியாது, இரண்டு பக்கமும் கட்டியை மட்டும் எடுத்து மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றார். இரஞ்சிதத்துக்கும் ஸ்கானுக்கு ஒரு துண்டு எழுதினார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் லீலாதேவிக்கும் பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதச் சொன்னார். யுத்தத்தில் பாதை பூட்டியிருந்தது, கடிதம் கப்பலில் போய்ச் சேர ஒரு மாதம், அவள் நம்புவதற்கு இன்னும் எத்தனை மாதமோ. தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்க இரஞ்சிதத்துக்கு நேரமே வரவில்லை. பிள்ளையைப் பிந்தாமல் அன்றைக்கே கண் பகுதிக்குக் கொண்டுபோகச் சொன்னார் டொக்டர்.

கண் பகுதியில் ஒரு சிங்களத் தாதி படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். சீதாவுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. பெயர், வயது, எப்போதிருந்து புகை என்று எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். தகப்பனுக்குப் பேச்சு வராது என்று தெரிந்த பிள்ளை, அவனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். தாதி தலையை நிமிர்த்தாமல், அப்பாவின் அப்பா உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் எதனால் செத்தார் என்று கேட்டாள்.

சீதா வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்தது கல்வெட்டில் இருந்த பாட்டுத்தான். ஒரு சிங்களப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்று பிள்ளை தடுமாறினாள். இரஞ்சிதம் வழக்கம் போலத் தம்பிக்கு வாயாகலாம் என்று ஓரடி முன்னால் வைத்தாள்.

அதற்குள் யோகேந்திரன் மகளின் தோளில் கை வைத்து மெல்ல விலக்கினான்.

“வகுகடு லெடக்” என்றான். சிறுநீரக நோய். தொண்டையைச் செருமினான். “மடத் தியெனவா.” எனக்கும் இருக்கிறது.

இருபத்தொரு வருடம் பூட்டிக் கிடந்த சிங்களம், பதினைந்து வயதுப் பொடியனின் உச்சரிப்பு மாறாமல் அப்படியே வந்தது. தாதி அதில் ஒரு புதுமையும் காணாமல் எழுதிக்கொண்டாள். இரஞ்சிதத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது.