நாலரை மணி வாசிப்பு

புஷ்பலதா டீச்சர் போட்ட திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாலை நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் வாசிப்பு நேரம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர், கலர் கலராகக் கதைப் புத்தகங்கள், சுவரில் அட்டவணை. எல்லாம் இருந்தது. பிள்ளைகள்தான் இல்லை!

காப்பிப் பழம் எடுக்கிற காலம் அது. மணி அடித்ததுதான் தாமதம், அத்தனை பேரும் எஸ்டேட் எடைக் கொட்டகைக்கு ஓடிவிடுவார்கள். அம்மாமார் பழ மூட்டையோடு வரிசையில் நிற்பது அங்கேதான். அவர்களோடுதான் வீடு திரும்ப வேண்டும். சேலத்தில் வளர்ந்த டீச்சருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஒரு மாதம் வெறும் பெஞ்சுகளைப் பார்த்து வயிறெரிந்தாள். ஜனவரியில் கல்வி அதிகாரி பார்வையிட வருவார். பிள்ளைகள் வாசிக்கவில்லை என்றால் திட்டமும் போச்சு, புத்தகங்களும் வேறு பள்ளிக்குப் போச்சு.

அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தியான புவனாவின் அம்மா அம்மணிதான் ஒருநாள் போட்டு உடைத்தாள். "ஏனுங்க டீச்சர், புள்ளைங்க எல்லாம் எங்ககூட நிக்குது. நீங்க அங்க உக்காந்து யாருக்குப் பாடம் சொல்றீங்க? நீங்க கொட்டாய்க்கு வந்தா ஆகாதுங்களா?"

சுருக்கென்றது. இது தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. மறுநாளே புத்தகப் பையோடு கொட்டகைக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு மூட்டையிலும் பெயர் எழுதிய சீட்டு இருக்கும். அதை வாசித்து ஆளைக் கூப்பிடுவது எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் காளியப்பனின் வேலை. அந்த வேலையைப் பிள்ளைகளுக்குக் கேட்டாள். அவர் முறைத்தார், முனகினார், கடைசியில் கொடுத்தார். அம்மாவின் பெயரைத் தானே வாசித்துக் கூப்பிட யாருக்குத்தான் ஆசை இருக்காது? நான் நீ என்று போட்டி போட்டார்கள். சீட்டு முடிந்ததும் கதைப் புத்தகம்.

ஜனவரியில் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கொட்டகைக்குள் நுழையும்போதே முகம் கடுகடுவென்றிருந்தது. "பள்ளியில் பூட்டைத்தான் பார்த்தேன்" என்றார். பிள்ளைகள் சீட்டு வாசித்தார்கள், கதை வாசித்தார்கள். மனிதர் அசையவில்லையே! "எல்லாம் தினமும் கேட்டது. மனப்பாடம். இதுவரை பார்க்காத ஒன்றை வாசிக்கட்டும்."

டீச்சர் புத்தகப் பையைத் துழாவினாள்; பிள்ளைகள் பார்க்காத புத்தகம் ஒன்றுகூட இல்லை.

புவனா அண்ணாந்து பார்த்தாள். அதிகாரியின் கையில் நோட்டு விரிந்திருந்தது. எக்கிப் போய் அதிலேயே விரலை வைத்தாள். சீட்டில் காளியப்பனின் கோணல் எழுத்தையே வாசித்துத் தள்ளியவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

"வா...சிப்புத் திட்டம் நடக்க...வில்லை. நிறுத்தி... விடலாம்."

வாசித்து முடித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க சார், நடக்கலைன்னு எழுதியிருக்கீங்க? நாந்தான் இப்ப வாசிச்சனே!"

முதலில் வெடித்துச் சிரித்தவர் காளியப்பன். பிறகு வரிசையே சிரித்தது. அதிகாரிக்குக் காது சிவந்துவிட்டது. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். கீழே ஒரு வரி எழுதி, நோட்டை அவளிடமே நீட்டினார்.

இந்த முறை புவனா எழுத்துக் கூட்டவில்லை. கடைசி மூட்டை வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்: "தொடர்ந்து நடத்தலாம்!"

ஒரே ஆரவாரம். அழுகையும் சிரிப்புமாக நின்ற புஷ்பலதாவின் தோளை அம்மணி உலுக்கினாள்.

"நாமதான் ஜெயிச்சுட்டமுங்களே, அப்புறம் என்னங்க அழுவாச்சி? அடுத்த சீட்டக் குடுங்க டீச்சர், வரிசை நிக்குது."