நாற்பத்திரண்டாம் பக்கம்

மாத்தளையில் சிங்களத்தில் இருக்கும் பிறப்புச் சான்றிதழைத் தமிழாக்க வேண்டுமென்றால் ஆட்கள் லெட்சுமணனைத் தேடித்தான் வருவார்கள். அவர் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். மூலத்தில் தகப்பன் பெயர் பிழையென்றால் பிழையாகவே எழுதி முத்திரை குத்துவார். "கொஞ்சம் திருத்தித் தாங்கய்யா" என்று யாராவது கெஞ்சினால், "இருக்கிறதுதான் வரும். திருத்துறதுக்கு நான் யாரு?" என்று எரிந்து விழுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அவருடைய மகள் தர்ஷிகா ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"வெளிநாட்டுல அவார்ட் எடுத்த சிங்களப் படம்பா. நாலஞ்சு பேர் கைக்காசு போட்டு எடுத்தது. சனிக்கிழம பகல் நம்ம டவுன் மண்டபத்துல போடுறோம். வசனமெல்லாம் இதுல இருக்கு. திரையில கீழ ஓடுற தமிழ நீங்க எழுதித் தாங்க."

"ஒனக்குத்தான் சிங்களம் தண்ணிபட்ட பாடாச்சே. நீயே எழுதலாமே?"

"இல்லப்பா, நீங்கதான் எழுதணும்."

அப்பனின் திறமையில் மகளுக்குப் பெருமை என்று நினைத்துக்கொண்டார். நாற்பத்தொரு பக்கங்கள் வேகமாகத்தான் ஓடின. நாற்பத்திரண்டாம் பக்கத்தில், கதையில் வரும் ஆஸ்பத்திரித் தாதி தன் தாயிடம் சொல்கிறாள்: "எனக்கு மாப்பிள்ளை பார்க்காதீங்கம்மா. நான் நிலந்தியைக் காதலிக்கிறேன். அவளோடதான் வாழப்போறேன்."

பேனா நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பிளேன்டீ குடித்தார். திரும்பி வந்து கண்ணாடியைத் துடைத்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை உக்குவளையிலிருந்து தர்ஷிகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அது ஏன் இப்போது நினைவுக்கு வருகிறது? பதில் அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் இப்படி எழுதினார்: "எனக்கு மாப்பிள்ளை பார்க்காதீங்கம்மா. நான் மேலே படிக்கணும்." அதன் பிறகு வந்த காதலையெல்லாம் சிநேகிதம் ஆக்கினார்.

வியாழக்கிழமை தாள்களை உறையில் போட்டுக் கொடுத்தபோது தர்ஷிகா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"முழுக்க எழுதிட்டீங்களாப்பா?"

"ம்."

"என்கிட்ட ஒண்ணும் கேக்க இல்லையா?"

"என்ன கேக்க? எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லு."

அவள் உறையைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். பிரித்துப் பார்க்கவில்லை. லெட்சுமணன் எழுதியதை மாத்தளையில் யார் சரிபார்ப்பார்கள்?

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மனைவி சந்திரகாந்தா பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லெட்சுமணனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அந்தக் காட்சி வந்தது. சிங்களம் தெரிந்தவர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். திரையில் தாய் உடைந்து அழுதாள். பின்வரிசையில் ஒருவர், "படிக்கத்தானே கேக்குது, அதுக்கு ஏன் இந்தம்மா இப்பிடி அழுவுது?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

சுவரோரம் நின்ற தர்ஷிகா திரையின் அடியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"அந்தப் புள்ள படிக்கணும்னா சொல்லிச்சு?" சந்திரகாந்தா மெதுவாகக் கேட்டாள்.

"எழுத்துல அப்பிடித்தான் இருக்கு."

"எழுத்துதாங்க எனக்குத் தெரியாது. முப்பது வருசமா சந்தையில சிங்களத்துலதான் மரக்கறி விக்கிறேன். காது நல்லாவே கேக்குது." அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "நம்ம புள்ள வாயால சொல்லப் பயந்துகிட்டு ஒங்க கையில குடுத்திருக்கு. நீங்க அந்தக் கையாலயே அது வாயப் பொத்திட்டீங்களே."

சொல்லிவிட்டு அவள் மகளைத் தேடி எழுந்து போனாள்.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. யாராவது கருத்துச் சொல்லலாம் என்றார்கள் படம் போட்டவர்கள். லெட்சுமணன் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். வாசலில் தாயும் மகளும் நிற்பது தெரிந்தது. தர்ஷிகா இன்னும் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"நீங்க வாசிச்சது பொய்," என்றார். "அந்தப் பொண்ணு படிப்பப் பத்திப் பேசல. இன்னொரு பொண்ணக் காதலிக்கிறேன், அவளோட வாழப்போறேன்னு சொல்லிச்சு. நான்தான் மாத்தினேன். இருவத்தாறு வருசத்துல நான் செஞ்ச ஒரே கள்ள வேல இதுதான்."

மண்டபம் சலசலத்தது. "நீங்கெல்லாம் சத்தியம் பண்ணின ஆளா?" என்று ஒருவர் கத்தினார். லெட்சுமணன் ஆமென்று தலையாட்டினார்.

"கேளுங்க. ஊரானோட பேர்ல ஒரு எழுத்த மாத்த எனக்குக் கை வராது. ஆனா பெத்தவங்க நாம, புள்ளைங்க சொல்றத நமக்குப் புடிச்ச மாதிரி மாத்தி எழுதிக்கிறோம். அப்பிடி எழுதினா புள்ள மாறாது. நம்மள விட்டுப் போயிரும். அது சொல்றத சொன்னபடியே கேளுங்க."

இறங்கி நேராக வாசலுக்கு வந்தார். உக்குவளைக்குப் போன் எடுத்து, "நாளைக்கு வர வேணாங்க, மன்னிச்சுக்கங்க," என்றார். மகளின் தோளிலிருந்த பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"இப்ப சொல்லும்மா," என்றார். "ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன்."