தம்ளரின் தீர்ப்பு

கார்காலம் அன்றைய கடைசி முகிலையும் கறந்துவிட்டுக் களைத்துக் கிடந்தது. ஒளி நாணி ஒதுங்க, ஈரத்தைத் தோளில் சுமந்த காற்று சன்னல்தோறும் நின்று நின்று நடந்தது. மன்னுயிரெல்லாம் வாயடைத்துத் தவம் கிடந்த அந்த மாலையில், ஒரு வீட்டுக் கூடத்தில் மட்டும் 'டிங்' என்றோர் ஒலி எழுந்தது.

மாமனார் வெள்ளித் தம்ளரைத் தேக்கரண்டியால் தட்டியிருந்தார். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பத்திரிகைக்குத்தான் கிடைத்தது, வீட்டாருக்கு இல்லை. எவர் வாயில் ஆங்கிலச் சொல் பிசகினாலும் ஒரு தட்டு. பிசகியவர் மறுநாள் விடியும்வரை பேசக்கூடாது. மாமியார் மணமான புதிதில் ஏழெட்டுத் தட்டு வாங்கினார். பிறகு பேசுவதையே விட்டுவிட்டார்.

இன்று அகப்பட்டவள் மருமகள். தையற்கடை நடத்துபவள், "ரிசிப்ட் எழுதிக் குடுத்துட்டேன்" என்று சொல்லித் தொலைத்தாள்.

"ரிசீட்" என்றார் மாமனார். "நடுவுல ஒரு 'பி' உண்டு. அது வாயத் திறக்காது."

"வாயத் திறக்காததை எதுக்கு மாமா உள்ள உக்கார வெச்சிருக்காங்க?"

"அது பரம்பரை மரியாதை. இருக்கணும், பேசக்கூடாது."

"பாவம், அதுக்கும் யாரோ தம்ளர் தட்டியிருப்பாங்க."

இன்னொரு 'டிங்'. இது உச்சரிப்புக்கு அன்று, வாய்க்கொழுப்புக்கு.

கணவன் தொண்டையைக் கனைத்தான். "நாளைக்குப் பாப்பாவோட ஸ்கூல் இன்டர்வியூல அக்காவே அம்மாவா உள்ள வரட்டும். நீ வெளில குடையப் பிடிச்சுக்கிட்டு இரு. ஒரு மணி நேரந்தானே."

ஆங்கிலத்தை நுனிநாக்கில் குடிவைத்திருந்த அவன் அக்கா, ஐந்து வயதுச் சிறுமியின் முகவாயைப் பற்றினாள். "நாளைக்கு என்னைத்தான் அம்மான்னு கூப்பிடணும். எங்க, சொல்லு பார்ப்போம்."

"அம்மா" என்றது குழந்தை, பெற்றவளைப் பார்த்தபடியே.

"என்னைப் பார்த்துச் சொல்லுடி."

குழந்தை திரும்பிச் சொன்னது. மருமகளின் நகக்கண்ணில் ஊசி ஏறியது போலிருந்தது. சட்டப்படி அவள் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை, பள்ளியின் காத்திருப்பு அறை. "பாப்பாவோட அப்பா, அம்மா மட்டும் குழந்தையோட உள்ள வாங்க" என்றார் பணிப்பெண். நாத்தனார் கைப்பையைத் திறந்து கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள், மருமகள் நனைந்த குடையை அவள் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் பிடிச்சுக்கங்க அண்ணி. ஒரு மணி நேரந்தானே."

உள்ளே தலைமையாசிரியை ஆங்கிலத்தில் வினவ, மருமகளும் ஆங்கிலத்திலேயே விடை சொன்னாள். வழியில் நாலைந்து சொற்கள் முட்டி பெயர்ந்து விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் கணவன் பழக்கதோஷத்தால் கண்ணை மூடிக்கொண்டான், தம்ளர்தான் ஒலிக்கவில்லை.

"வீட்ல பாடம் யார் சொல்லித் தர்றீங்க?" என்று தமிழுக்கு இறங்கினார் தலைமையாசிரியை.

"நான்தாங்க. எழுதியிருக்கிற எழுத்து ஒண்ணையும் விடமாட்டேன், எல்லாத்தையும் கூப்பிட்டுருவேன். தப்பா இருந்தா நீங்க திருத்துங்க. அதுக்குத்தானே பள்ளிக்கூடம்."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். "பாப்பா, இது யாரு?"

ஒத்திகை தேவைப்படாத அந்த 'அம்மா', காத்திருப்பு அறைவரை கேட்டது.

திங்கட்கிழமை முதல் வரச் சொன்னார்கள். அன்று மாலை அச்செய்தியைச் சொல்லத் தொடங்கிய மருமகளின் நாவில் 'அட்மிஷன்' எப்படியோ கோணிக்கொண்டது. மாமனார் தேக்கரண்டியை ஓங்கினார். எதிரே தம்ளர் இல்லை.

அதை மாமியார் விளக்கித் துடைத்து, நல்ல நீர் நிறைத்து, சாமி படத்தின்முன் வைத்திருந்தார். சுடரைத் தூண்டினார், கண்மூடிக் கைகூப்பினார்.

"சாமிக்கு வெச்சாச்சு. இனி அதுல கை வைக்கக்கூடாது" என்றார். அந்தக் குரலை மருமகள் அவ்வளவு நீளத்துக்குக் கேட்டது அதுவே முதல் தடவை.

பிறகு மாமியார் திரும்பி, ஈரக்கையை அவள் உச்சியில் வைத்தார்.

"நல்லா இரு. வாய் நெறையப் பேசு."