கணவாயில் நிற்கும் தீர்வு

சனிக்கிழமைக் கருத்தரங்கில் யாருடைய நிரூபணம் உடைகிறதோ அவர்தான் எல்லோருக்கும் பருப்பு வடை வாங்கித் தர வேண்டும். பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் இது எழுதாத சட்டம். பேராசிரியர் கருத்தக்கண்ணனே இரண்டு தடவை வாங்கித் தந்திருக்கிறார். ஒச்சாயி மட்டும் இதுவரை ஒரு வடைகூட வாங்கியதில்லை. அன்றும் வாங்கப்போவதில்லை என்ற நம்பிக்கையோடுதான் சாக்பீஸைக் கையில் எடுத்தாள்.

அவளுடைய கணக்கைச் சொல்வது எளிது. ஒரு கயிறு. ஒரு முனை ஆணியில், மறுமுனை ஸ்பிரிங்கில். கயிறு எம்பினால் ஒரு விசை அதை மேலும் இழுக்கும். எம்ப எம்ப இழுப்பு பலமடங்காகும். கயிறு அசையாமல் நேராகக் கிடப்பது ஒரு தீர்வு. அது யாருக்கும் தெரியும். வளைந்து நிற்கும் தீர்வு ஒன்று உண்டா? அது எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டியதில்லை. உண்டு என்று நிரூபித்தால் போதும்.

இரண்டு வருடம் அவள் அதற்கு ஒரே வழியைத்தான் நம்பினாள். ஒவ்வொரு வளைவுக்கும் ஆற்றல் என்று ஓர் எண் உண்டு. அந்த எண் ஒரு மட்டத்துக்குக் கீழே போகாது என்று காட்டிவிட்டால், அந்த அடிமட்டத்தில் உட்கார்ந்திருக்கும் வளைவுதான் தீர்வு.

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்குழு கூடுகிறது. முடிந்த தேற்றம் கையில் இருந்தால் ஆராய்ச்சிப் பதிவு நீடிக்கும், வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் எடுத்த விடுப்பும் நீளும். இல்லையென்றால் அதே வாரம் சொந்த ஊரான எழுமலைக்குத் திரும்பி, எட்டாம் வகுப்புக்கு லாப நட்டக் கணக்கு நடத்த வேண்டியதுதான்.

பலகை நிறைந்தது. கடைசி வரிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"ஒச்சாயி, ஒண்ணு கேக்கவா?" என்றாள் முன்வரிசையிலிருந்த அமீருன்னிசா. இருவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள், ஒரே மேசையில் படிப்பவர்கள். "உன் வளைவைப் பத்தால பெருக்கிப் பாரேன்."

"பெருக்குனா?"

"முதல் பகுதியில வர்க்கம் இருக்கு. அது நூறு மடங்காகும். நீ கழிக்கிற பகுதியில நாலாம் அடுக்கு. அது பத்தாயிரம் மடங்கு. அப்ப ஆற்றல் எங்க நிக்கும்?"

எங்கும் நிற்காது. கீழே, கீழே என்று போய்க்கொண்டே இருக்கும். ஒச்சாயி பலகையைப் பார்த்தாள். போன வருடம் செய்த கணக்கில் எம்ப எம்ப இழுப்பு மெலிந்தது. அங்கே அந்த அடிமட்ட வரி சரி. அதையே இங்கே கொண்டுவந்து, அடுக்கை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறாள். கைப்பழக்கம். பழகிய கை ஒரு வரியை எழுதும்போது மூளை அதைப் பார்ப்பதில்லை.

"வடைக்குச் சொல்லிரவா அக்கா?" என்று பின்வரிசையிலிருந்து முத்துக்கருப்பன் குரல் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஒச்சாயியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, சாக்பீஸை இரண்டாக ஒடித்துவிட்டதைப் பிறகுதான் கவனித்தாள்.

பஸ்ஸில் ஒச்சாயியும் அமீருன்னிசாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தனியா வச்சுச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் ஒச்சாயி, பஸ் காளவாசலைத் தாண்டியபோது.

"தனியா நீ காட்டுனியாடி? ஒரு வாரமா நோட்டை மூடி மூடி வச்ச. செவ்வாய்க்கிழமை அந்தப் பெரிய மனுசங்க கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

காட்டாததற்குக் காரணம் ஒச்சாயிக்குத் தெரியும். அமீருன்னிசா வாய் பிளந்து நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தாள். இவ்வளவு சின்ன ஆசை தனக்குள் இருந்திருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் கோபம் கொஞ்சம் கரைந்தும் போனது.

"எங்க வீட்டுக்கு வா. வெறும் வயித்தோட ஹாஸ்டல்ல போய் அழாத."

"யாரு அழுறா?"

"அப்ப வந்து சாப்புடு."

கோரிப்பாளையத்தில் கடைகளுக்குப் பின்னால், முடுக்குச் சந்துக்குள் இருந்தது வீடு. அமீருன்னிசாவின் அம்மா மைதீன் பீவி தட்டில் சோறும் தாளிச்சாவும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்ன கண்ணு, மூஞ்சி இம்புட்டுக்கு வாடிக் கெடக்கு?"

"தேடுனது கெடைக்கலம்மா."

"ரெண்டு வருசமாவா தேடுறீங்க?"

"கெடைக்கவே வேணாம்மா," என்றாள் அமீருன்னிசா. "இருக்குன்னு சொன்னாப் போதும். இவளுக்கு அதான் வேலை."

மைதீன் பீவி மகளை உற்றுப் பார்த்தார். "இது நல்லாருக்கே! உனக்கு மாப்பிள்ளை கேக்குறவுககிட்ட நானும் இனி இப்பிடியே சொல்லிர்றேன். இருக்காரு, எங்கன்னுதான் தெரியலன்னு."

ஒச்சாயிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, தலையில் தட்டு வாங்கி, கண்ணைத் துடைத்தபோது நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியிருந்தது.

சாப்பிட்டு மாடிக்குப் போனார்கள். அமீருன்னிசா கரித்துண்டால் தரையில் ஒரு சின்னக் குழியை வரைந்தாள். "இது நேராக் கெடக்குற கயிறு. இது ஒரு பள்ளம். கொஞ்சம் அசைச்சா ஆற்றல் கூடுது. சரியா?"

"சரி."

"ரொம்பத் தூரம் போனா பாதாளம். அது நான் காட்டுனது. ஆக ரெண்டு பக்கமும் பள்ளம்."

"நடுவுல ஏத்தம் இருக்கணும்," என்றாள் ஒச்சாயி. சொன்னதும் அவளுக்கு ஊர் மலை நினைவுக்கு வந்தது.

எழுமலைக்காரர்கள் மயிலாடும்பாறைப் பக்கம் போக வேண்டுமென்றால் மலையைத் தாண்ட வேண்டும். எந்தத் தடத்தில் போனாலும் ஓர் உச்சி வரும். மாடு ஓட்டிப் போகிறவர்கள் உச்சி எதில் தாழ்ந்திருக்கிறதோ அந்தத் தடத்தில் போவார்கள். அந்தக் கணவாயில் அவள் நின்றிருக்கிறாள். முன்னாலும் பின்னாலும் சரிவு; இரண்டு கைப்பக்கமும் மலை. காலடியில் மட்டும் தரை சமமாக இருக்கும்.

சமமான தரை! ஆற்றலின் சரிவு சுழியமானால் அது தீர்வு. அடிமட்டமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

"அமீரு, லைப்ரரியில அந்தக் கட்டுரை! பத்து வருசத்துக்கு முன்னாடி வந்தது. கணவாய்த் தேற்றம். நாந்தான் படிச்சுட்டு, நமக்கு எதுக்குன்னு வச்சுட்டேன்."

"எதுக்கு வச்ச?"

ஏன் வைத்தாள்? தீர்வு என்றால் ஓய்வு, போய்ச் சேர்ந்த இடம் என்று அவள் மனம் முடிவு கட்டியிருந்தது. விளிம்பில் நிற்பதைத் தீர்வு என்று ஒப்புக்கொள்ள அது தயாராக இல்லை. இத்தனைக்கும் வேலை ஓர் ஊரிலும் படிப்பு ஓர் ஊரிலுமாக, அவளே அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு முடிச்சு மிச்சமிருந்தது. கணவாயை நெருங்குகிற வளைவுகள் நெருங்கிக்கொண்டே எல்லையில்லாமல் பெருத்து ஓடிவிட்டால், கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது. ஓடாமல் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே மாடியில், நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். ஆற்றலிலிருந்து சரிவின் நாலில் ஒரு பங்கைக் கழித்தபோது, அந்த நாலாம் அடுக்குப் பகுதி அப்படியே அடிபட்டுப் போனது. மிஞ்சியது வெறும் வர்க்கம். வர்க்கம் கட்டுக்குள் இருந்தால் வளைவும் கட்டுக்குள் இருக்கும். சனிக்கிழமை அவளைக் கவிழ்த்த அதே நாலு, இப்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"பத்தால பெருக்கு," என்றாள் ஒச்சாயி.

"பெருக்கிட்டேன்டி. நிக்குது."

"நூறால?"

"எதால வேணாலும் பெருக்கு. நிக்குது!"

செவ்வாய்க்கிழமை குழுவில் மூன்று பேர். வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்தவர் பாதியிலேயே கையைத் தூக்கினார்.

"இந்தத் தீர்வு நிலையானதாம்மா?"

"இல்ல சார். ஒரு திசையில லேசாத் தள்ளுனாலும் சரிஞ்சுரும்."

"எப்படி இருக்கும்? வரைஞ்சு காட்ட முடியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாத ஒண்ணு, தள்ளுனா விழுந்துரும். இதுக்கா இத்தனை பக்கம்?"

அவளுடைய வழிகாட்டி கருத்தக்கண்ணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவருக்குப் பயம் வந்தால் செய்வது அது. ஒச்சாயிக்கு மட்டும் ஏனோ பயம் வரவில்லை.

"ஆனா இருக்கு சார். யாரு எந்தப் பக்கமிருந்து கிளம்புனாலும் அதுக்குக் குறைஞ்ச உயரத்துல தாண்ட முடியாது. எங்க உடையும்னு கேளுங்க, சொல்றேன்."

மூத்தவர் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கித் தானே எழுதிப் பார்த்தார், நாலாம் அடுக்கு அடிபட்டுப் போனதும் "அட!" என்றார். பிறகு தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மரத்தடியில் அமீருன்னிசா நின்றிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"லீவு நீளுது. தலைமையாசிரியம்மாவுக்கு இன்னைக்கே சொல்லணும்."

"அந்தாளு என்ன கேட்டாரு?"

"எல்லாம் கேட்டாரு. நீ கேட்டதத்தான் கேக்கல."

"நெனச்சேன்," என்றாள் அமீருன்னிசா, பெருமையை மறைக்கக்கூட முயலாமல். "சரி, அடுத்ததைப் பாப்போம். இதே கயிறு, ரெண்டு முனையிலயும் ஸ்பிரிங்கு. நோட்டை எடு."

இம்முறை ஒச்சாயி நோட்டைத் திறந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.