டயலுக்கு அடியில் ஒரு பெயர்

ஒதிலுக்கு வாய் நீளம்தான். ஆனால் வேலை படு சுத்தம். சுவிட்சர்லாந்தின் லெ சாந்தியே ஊரில் பாதிப் பேர் தொழிற்சாலையில் செய்த கடிகார மெஷினை வாங்கி, மேலே தங்கள் பெயரைப் போட்டுக் கைக்கடிகாரம் விற்றுக்கொண்டிருக்க, இவள் ஆறு வருடம் உட்கார்ந்து சொந்தமாக ஒரு மெஷினையே செய்து முடித்திருந்தாள். தட்டு, சக்கரம், திருகாணி என்று எல்லாம் அவள் கைவேலை. டயலில் ‘ஒதில் ரொஷா’ என்று தன் பெயரைப் பார்த்த அன்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள்.

அதைப் பார்க்கத்தான் ஜெனீவாவிலிருந்து வியாபாரி திபோ வந்திருந்தார். பிடித்தால் பன்னிரண்டு கடிகாரம் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அது நடந்தால்தான் அவள் அடுத்த மெஷினுக்கு உட்கார முடியும். கேட்டபடி டயலைக் கழற்றிக் காட்டினாள். திபோ லென்ஸைக் கண்ணில் இடுக்கிக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் திருடனைப் பிடித்த சிரிப்பு.

“இதென்ன மேடம், தட்டுல ‘சுருள்வில்: அர்மான்’னு இருக்கு?”

“நான்தான் செதுக்கினேன். அந்த வில்லு மட்டும் பக்கத்து வீட்டு அர்மான் பண்ணது. தலைமுடியவிட மெல்லிசு. எனக்கு வராது.”

“டயலுக்கு அடியில யாரு பார்க்கப் போறா? சுரண்டிடுங்க. ‘முழுக்க என் பட்டறையிலயே செஞ்சது’ன்னு எழுதிக் கொடுங்க. பன்னிரண்டும் எனக்குத்தான்.”

“அம்பது வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் ரிப்பேருக்குத் திறப்பான் சார். எங்க ஊர்ல ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் டயலுக்கு அடியிலதான் படிப்போம். அவன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“ஓஹோ! அடியில மட்டும் யோக்கியம். மேல உங்க ஒத்தப் பேரா?”

ஒதிலுக்குச் சுருக்கென்றது. அந்த ஒற்றைப் பெயர் அவளுடைய ஆறு வருட ஆசை. ஆனால் மனுஷன் கேட்டதில் தப்பும் இல்லையே.

“சரி, அர்மான் பேரையும் மேலயே போடறேன்.”

“ஒரு கடிகாரத்துல ரெண்டு பேர் இருந்தா எவன் வாங்குவான்?”

“நல்லா ஓடற கடிகாரம் சார். அதுவே ஆளைத் தேடிக்கும்.”

“போட்டுக் காட்டுங்க, பார்க்கலாம்,” என்று கோட்டை மாட்டிக்கொண்டு திபோ ரயிலுக்குக் கிளம்பினார். பன்னிரண்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மறுவாரம் புது டயலோடு போய் அர்மான் வீட்டுக் கதவைத் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன். இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலில் பனியை யார் தள்ளுவது என்று மூன்று குளிர்காலமாகச் சண்டை. அர்மான் தன் பெயரை லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தான். காது சிவந்தது.

“இது எல்லாருக்கும் தெரியிற மாதிரியா இருக்கும்?”

“பின்னே?”

“அப்ப உள்ள இருக்கிற வில்லைக் கழட்டிக் கொண்டா. வேற பண்ணணும்.”

“ஏன்யா? ஒரு நாளைக்கு ரெண்டு செகண்டுதானே தப்புது?”

“ரெண்டு செகண்டா? என் பேரு மேல இருக்கும்போதா?” அர்மான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தான். “வாசல் பனிய நீயே தள்ளிக்க. எனக்கு வேலை இருக்கு.”

ஒதில் அந்த ஒரு தடவை சண்டை போடாமல் பனி தள்ளப் போனாள்.